தொகுப்பில் நாலு கதை தேறுகிறது, மற்றவை ஏன் தேறவில்லை?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச காலமாக அறிபுனைவு (அறிவியல் புனைகதை), பேய்க்கதை, மாயக்கதை என்று வருகிற சிறுகதைத் தொகுப்புகளைத் தேடித் தேடி வாங்குகிறீர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கதைகள் அசத்திவிடுகின்றன, மற்றவற்றைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. கடைசியாக வாங்கிய பதினான்கு கதைத் தொகுப்பை ஐந்தாவது கதையோடு மூடி வைத்துவிட்டீர்கள். இப்படிக் காசு போவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தொகுப்பாசிரியர்கள் அக்கறை இல்லாமல் தொகுக்கிறார்களா, எழுதுகிறவர்களிடம் சரக்கு இல்லையா, இல்லை எனக்குத்தான் இந்த வகையைப் படிக்கத் தெரியவில்லையா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த மேடுபள்ளம் இந்த வகைக் கதைக்கே உரியதா, அல்லது யாராவது ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியதா? அதற்குத்தான் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் மற்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ரொம்ப வருஷம் கல்லூரியில் சிறுகதைப் பாடம் நடத்தியவன். போட்டிகளுக்கு வரும் கதைகளை வாசித்துத் தேர்வு செய்கிற குழுக்களிலும், இரண்டொரு தொகுப்புகளின் தயாரிப்பிலும் இருந்திருக்கிறேன். இப்போதும் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு தொகுப்பை எடுத்துப் பேசுகிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படிக்கிறவன் நான். பதிப்புத் தொழிலின் கணக்கு வழக்குகளை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர அந்தத் தொழிலைச் செய்ததில்லை. அதனால் கதைகளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம், வியாபாரத்தைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது தியோடர் ஸ்டர்ஜனை இழுத்து வருவார்கள். அறிபுனைவில் தொண்ணூறு சதவீதம் குப்பை என்று விமர்சகர்கள் சொன்னபோது, எந்தத் துறையிலும் தொண்ணூறு சதவீதம் அப்படித்தான் என்று 1950-களில் பதில் சொன்ன அமெரிக்க எழுத்தாளர் அவர். சரியான பதில்தான். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது. அவர் பேசியது மொத்த உற்பத்தியைப் பற்றி. நீங்கள் கேட்பது ஒருவர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்து, முன்னுரை எழுதி, அட்டை போட்டுக் கொடுத்த புத்தகத்தைப் பற்றி. பொறுக்கி எடுத்த பிறகும் ஏன் இப்படி?

எனக்கு உறுதியாகத் தெரிந்த காரணத்திலிருந்து தொடங்குகிறேன். நடப்பு வாழ்க்கையைச் சொல்லும் கதைக்கு உலகம் இனாமாகக் கிடைக்கிறது. வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்கிறாள் என்று எழுதிவிட்டால் போதும். அங்கே வெயில் எப்படி அடிக்கும், பஸ் வராவிட்டால் அவள் யாருக்கு போன் செய்வாள், இருட்டிவிட்டால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் படிக்கிறவருக்கே தெரியும். எழுதுகிறவர் நேராக அவள் மனதுக்குள் போய்விடலாம். இதே பெண் நினைவுகளை விற்று வாங்குகிற ஒரு ஊரில் நிற்கிறாள் என்றால் கதை மாறிவிடுகிறது. நினைவை எப்படி எடுக்கிறார்கள், எடுத்த பிறகு அவளுக்கு என்ன மிஞ்சும், யார் வாங்குகிறார்கள், இதற்குச் சட்டம் உண்டா, எது முடியும், எது முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். சொல்வதும் பாடம் நடத்துவது மாதிரி இருக்கக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன கஷ்டம் என்கிற இடத்துக்கு வர முடியும். நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் இரண்டாயிரம் மூவாயிரம் சொல்லுக்குள் எழுதச் சொல்கிறார்கள். உலகத்தை விளக்கவே ஆயிரத்து ஐந்நூறு போய்விட்டால் மனுஷிக்கு மிச்சம் எவ்வளவு?

நீங்கள் பாதியில் விட்ட கதைகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். நிறையக் கதைகள் இந்தக் கணக்கில்தான் விழுந்திருக்கும். ஒன்று, உலகம் மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. அல்லது ஆள் இருப்பார், உலகத்தின் விதி அவசரத்தில் கலங்கிப்போயிருக்கும். முதல் பக்கத்தில் முடியாது என்று சொன்ன ஒன்று எட்டாம் பக்கத்தில் கதையை முடித்து வைப்பதற்காக நடந்துவிடும். நாவலில் இந்தச் செலவை ஒரு தடவை செய்தால் போதும், நானூறு பக்கத்துக்கு அது தாங்கும். பதினான்கு கதைத் தொகுப்பில் பதினான்கு தடவை புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பதினான்கு தடவையும் சரியாக அமையும் என்று எதிர்பார்க்கவே முடியாது. ஆக ஓரளவு ஏற்றத்தாழ்வு இந்த வகையின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதற்கு மறுபக்கத்துச் சாட்சி நம்ம ஊரிலேயே இருக்கிறது. பேய்க்கதைகளும் தெய்வக்கதைகளும் அறிபுனைவைவிடக் குறைவாகவே சறுக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழ்த் தொகுப்புகளில் நான் தொடர்ந்து பார்ப்பது இது. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவருக்கு உச்சிவேளை என்றால் என்ன, துர்மரணம் அடைந்தவர் என்ன ஆவார், சுடலைமாடனுக்கு என்ன பிடிக்கும், இசக்கியிடம் எதை விளையாட்டாகப் பேசக் கூடாது என்பதெல்லாம் தெரியும். நம்புகிறாரா இல்லையா என்பது வேறு விஷயம், விதிகள் தெரியும். அந்த உலகத்தை ஊரே சேர்ந்து எப்போதோ கட்டி வைத்துவிட்டது. எழுதுகிறவர் முதல் வரியிலேயே உள்ளே நுழைந்துவிடலாம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னை வீதியில் வந்து நிற்பதற்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. கடவுள் யார் என்பதும் காப்பிக் கடை எப்படி இருக்கும் என்பதும் வாசகருக்குத் தெரிந்தவை. புதுமைப்பித்தனின் முழு கவனமும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதில் போகிறது. ‘காஞ்சனை’யில் பயம் வேலை செய்வதும் இப்படித்தான். வீட்டுக்குள் ஒரு பெண் வந்து சேர்கிறாள், அவ்வளவுதான் ஆரம்பம்.

உலகத்தின் செலவைக் குறைக்கத் தெரிந்தவர்களின் தொகுப்புகள் சமமாக இருப்பதையும் பார்க்கலாம். ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபோ’ 1950-ல் வந்தது. ஒன்பது கதைகள், எல்லாவற்றுக்கும் ரோபோக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற ஒரே மூன்று விதிகள். விதியை ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்தடுத்த கதை நேராகச் சிக்கலுக்குப் போய்விடுகிறது. சத்யஜித் ராய் 1961-ல் வங்காளச் சிறுவர் இதழான ‘சந்தேஷ்’-ல் தொடங்கிய பேராசிரியர் ஷொங்கு கதைகளும் அப்படித்தான்: அதே ஆள், அதே நாட்குறிப்பு. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் வேறு வழி பிடித்தார். ஐந்நூறு பக்கத்தில் ஒரு யோசனையை இழுப்பதற்குப் பதில், அந்தப் புத்தகம் ஏற்கனவே இருப்பதாகப் பாவித்து அதற்கு ஒரு சுருக்கமோ மதிப்புரையோ எழுதிவிடலாம் என்று 1941-ல் வந்த தன் தொகுப்பின் முன்னுரையிலேயே சொன்னார். ஒரு உலகத்தையே ஏழெட்டுப் பக்கத்துக்குள் அடக்க அவருக்கு முடிந்தது இதனால்தான். தமிழில் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கதைகள் தனித்தனி, ஆனால் நம்முடைய சித்த மருத்துவம், யோகம் போன்ற மரபு அறிவை அறிவியலோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்கிற ஒரே கேள்வி தொகுப்பு முழுக்க ஓடுகிறது. எல்லாக் கதையும் எனக்குச் சமமாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டாவது கதையிலிருந்து வாசகர் அந்நியராக உணர்வதில்லை.

இரண்டாவது காரணம், கதைகள் எங்கே எப்போது எழுதப்பட்டன என்பது. தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவை ஒரே மூச்சில் எழுதப்பட்ட மாதிரி நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்கு எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க மலிவுப் பத்திரிகைகள் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தன. பிலிப் கே. டிக் தன் வாழ்நாளில் எழுதிய சுமார் 120 சிறுகதைகளில் பாதிக்கு அருகில் 1953, 1954 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வெளியாயின. அந்த வேகத்தில் எழுதியவற்றில் பிரமாதமானவையும் உண்டு, மாத வாடகைக்காக எழுதியவையும் உண்டு. மொத்தத் தொகுதியை வரிசையாகப் படித்தால் இது கண்கூடாகத் தெரியும். மறுபக்கம் இன்னொரு அமெரிக்க அறிபுனைவு எழுத்தாளர், டெட் சியாங். முதல் கதை 1990-ல் வந்தது. 2002-ல் எட்டுக் கதைகள் கொண்ட முதல் தொகுப்பு, 2019-ல் ஒன்பது கதைகள் கொண்ட இரண்டாவது தொகுப்பு. சம்பளத்துக்குத் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதிக்கொண்டிருந்தவர் என்பதால் கதையை நம்பிப் பிழைக்க வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. அவர் தொகுப்புகளில் பலவீனமான கதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திறமையில் யார் பெரியவர் என்பதல்ல இங்கே விஷயம். டிக்கின் மோசமான கதையில்கூட வேறு யாருக்கும் தோன்றாத ஒரு கிறுக்கு யோசனை இருக்கும், அதற்காகவே நான் அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நம்மிடம் இந்த வேலையை வார இதழ்கள் செய்தன. சுஜாதாவின் அறிவியல் கதைகள் பலவற்றில் பத்திரிகைப் பக்கத்தின் அளவு துல்லியமாகத் தெரியும். பக்கம் முடிகிற இடத்தில் ஒரு திருப்பம் வந்து விழும். வாரம் ஒன்றாகப் படிக்கும்போது அந்தத் திருப்பம் சந்தோஷமாக இருந்தது. இருபதை அடுத்தடுத்துப் படிக்கும்போது பன்னிரண்டாவது கதையில் திருப்பம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கதை கெட்டுப்போகவில்லை, படிக்கிற முறை மாறிவிட்டது. அவருடைய ‘திமலா’ மாதிரியான கதை இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம், மேலே சொன்ன கணக்கு அதில் சரியாக இருப்பதுதான். எதிர்காலத்தை எல்லாருக்கும் தெரிந்த திருமலைத் தரிசனத்தின் மேல் ஏற்றி வைத்தார்.

முழுத்தொகுப்பு என்று அட்டையில் போட்டிருந்தால் அங்கே சமத்தை எதிர்பார்க்கவே கூடாது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள் கால வரிசையில் அமைந்தது. நாளிதழ் வேலைக்கு நடுவே எழுதிய சின்னச் சின்ன சித்திரங்களும் ‘பிரம்மராக்ஷஸ்’ போன்ற கதைகளும் அதில் அடுத்தடுத்து வரும். அந்தப் பதிப்பின் நோக்கம் அது. ஒருவர் எப்படி வளர்ந்தார், எங்கே தடுமாறினார், எந்தக் கதையைத் திரும்ப எழுதினார் என்று காட்டுவது. அதையும், அவர் உயிரோடு இருந்தபோது 1943-ல் வந்த ‘காஞ்சனை’ தொகுதியையும் ஒரே தராசில் வைத்து, முழுத்தொகுப்பு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்பது நியாயமாகாது. நெல்லைக்காரர்கள் நாம் அவரை அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை, ஆனால் முழுத்தொகுப்பை முதல் புத்தகமாக யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இனி நீங்கள் வாங்குகிற பலர் எழுதிய தொகுப்புகள். இங்கேதான் தவிர்த்திருக்கக் கூடிய தவறுகள் இருக்கின்றன, எனக்குக் கோபமும் இங்கேதான் வருகிறது. போட்டித் தொகுப்பு எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். நடுவர்கள் மூன்று பேர் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். கூட்டிச் சராசரி எடுத்து மேலிருந்து கீழே வரிசைப்படுத்துவார்கள். ஒரு கதைக்கு ஒருவர் ஒன்பது போட்டு மற்ற இருவர் நாலு நாலு போட்டால் அது சராசரியில் ஆறைக்கூடத் தொடாது. மூன்று பேருமே “பரவாயில்லை” என்று ஆறரை போட்ட கதை உள்ளே வந்துவிடும். ஒருவரை உலுக்கிய கதை வெளியே, யாரையும் தொந்தரவு செய்யாத கதை உள்ளே. முதல் மூன்று பரிசுக் கதைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் முடிவு செய்வார்கள். நாலாவது இடத்திலிருந்து பதினைந்தாவது வரைதான் இந்தச் சராசரி வேலை செய்கிறது. புத்தகம் என்றால் இத்தனை பக்கம் வேண்டும் என்பதால் அவையும் சேர்க்கப்படுகின்றன. மூன்று நாலு கதை அசத்துகிறது என்று நீங்கள் சொன்ன எண்ணிக்கைக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். எல்லாத் தொகுப்புக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் இருந்த குழுக்களில் நடந்தது இது.

இதற்கு மாற்று கஷ்டமில்லை. ஒவ்வொரு நடுவரும் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் தனக்குப் பிடித்த ஒரு கதையைச் சேர்க்கலாம் என்று உரிமை கொடுத்தால் போதும். கூடவே தேர்வான கதைகளை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், எழுதியவரோடு உட்கார்ந்து இரண்டு தடவையாவது திருத்த வேண்டும். தமிழில் பிழைதிருத்துகிறார்கள், செம்மையாக்கம் (எடிட்டிங்) அபூர்வம். அறிபுனைவுக்கு அது இன்னும் அவசியம், ஏனென்றால் விதி எங்கே உடைகிறது என்பது எழுதியவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. 2018-ல் தொடங்கிய ‘அரூ’ இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்தி, இந்த வகையைப் பொருட்படுத்திப் பேசும் ஒரு இடத்தை உண்டாக்கியது பெரிய விஷயம். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட கதையை எழுதிவிட்டு எங்கே அனுப்புவது என்றே பல மாணவர்களுக்குத் தெரியாது. எழுதுகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள், செம்மையாக்குகிறவர்கள் இன்னும் சேரவில்லை.

எழுதுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வருகிற கதைகளில் பாதியின் உலகம் சினிமாவிலிருந்து வருகிறது. கண்ணாடிக் கட்டடம், பறக்கும் கார், சர்வாதிகார அரசு, மூளையில் சிப். இரண்டாயிரத்து நூற்றைம்பதில் வாழ்கிறவர்கள் டப்பிங் படத்தில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். குவாண்டம், நானோ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அறிவியல் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நம்மைச் சுற்றிப் பாருங்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். கூடங்குளத்தில் அணு உலை. பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. நிலக்காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கிற கோடு, நமக்குப் பக்கத்தில் போவதால், அதன் மேலே வானத்தில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க கிருஷ்ணாபுரத்தில் ஒரு ஆய்வகமே வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கிழக்கே போனால் ஆதிச்சநல்லூரில் தாழிகளில் புதைத்த மனிதர்கள். இதில் ஒன்றை எடுத்து, அங்கே வேலை பார்க்கிற அல்லது அதன் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவரை வைத்து எழுதினால் உலகத்துக்கு ஆகும் செலவு பாதியாகக் குறையும். அப்படி எழுதியிருக்கிற அபூர்வமான கதைகள்தான் எங்கள் கூட்டத்தில் எப்போதும் பேசப்படுகின்றன. காற்றாலைக்குக் கீழே ஆடு மேய்ப்பவர் ஒருவரை வைத்து ஒரு மாணவி எழுதிய கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதில் அறிவியல் சொல் ஒன்றுகூட இல்லை. காற்று வருவதற்கு முன்பே இறக்கை சுற்றத் தொடங்குகிறது என்பதை அவர் மட்டும் கவனிக்கிறார், அவ்வளவுதான்.

மோசமான கதைகளிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பெரிய ஒன்றை முயன்று கைக்கு எட்டாமல் போனது. இன்னொன்று, முயலவே இல்லாமல் பக்கத்தை நிரப்பியது. முதல் வகைக்கு ஹார்லன் எலிசன் 1967-ல் தொகுத்த ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ நல்ல உதாரணம். வேறு எந்தப் பத்திரிகையும் போடத் தயங்குகிற கதையாக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிய 33 கதைகள். சில அறிபுனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகளைப் பெற்றன. சில இன்றைக்குப் படித்தால் வெறும் சத்தமாக இருக்கின்றன. ஆனாலும் அந்தத் தொகுப்பில் ஏமாற்றப்பட்டதாக எனக்குத் தோன்றியதே இல்லை. தோற்ற கதை எங்கே போகப் பார்த்தது என்பது தெரிகிறது. இட்டுநிரப்பிய கதையில் அது தெரியாது. நடுவில் நிறுத்திவிட்டு, இது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. தொகுப்பின் தரத்தை நான் எடைபோடுவது இரண்டாவது வகை எத்தனை என்பதை வைத்துத்தான்.

இனி எனக்குச் சந்தேகம் இருக்கிற இடத்துக்கு வருகிறேன். யதார்த்தக் கதைத் தொகுப்புகளைவிட இவை உண்மையிலேயே அதிகம் ஏறி இறங்குகின்றனவா, அல்லது அப்படித் தோன்றுகிறதா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அளந்து நிரூபிக்க வழியில்லை. சுமாரான யதார்த்தக் கதையில்கூட ஒரு தெரு இருக்கும், ஒரு ஆச்சியின் பேச்சு இருக்கும், ஏதோ ஒன்று கையில் மிஞ்சும். சுமாரான அறிபுனைவில் யோசனை விழுந்துவிட்டால் மிஞ்ச ஒன்றுமில்லை. அதனால் பள்ளம் அதிக ஆழமாகத் தெரியலாம். ரசனையும் குறுக்கே வருகிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு தொகுப்பைப் படித்துவிட்டு ஆளுக்கு மூன்று கதை சொல்லச் சொன்னால் பட்டியல் ஒத்துப்போவதில்லை. இயற்பியல் படித்தவர் தூக்கி வைத்துக்கொண்டாடுகிற கதை நாட்டார் வழக்காற்றியல் படித்தவருக்கு வறட்டுக் கணக்காகத் தெரிகிறது. நீங்கள் பாதியில் விட்ட கதைகளில் சில இன்னொருவருக்கு அந்தப் புத்தகத்தின் உயிராக இருக்கக்கூடும். ஆனால் யாருடைய பட்டியலிலும் வராத கதைகள் என்று சில எல்லாத் தொகுப்பிலும் மிஞ்சுகின்றன. அவற்றைப் பற்றிச் சண்டையே வருவதில்லை.

கதைகளின் வரிசை பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமை ஆகாது, ஏனென்றால் ஐந்தாவது கதையில் நீங்கள் நிறுத்தியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். தொகுப்பாசிரியர்கள் வழக்கமாக ஆகச் சிறந்ததை முதலிலும் அடுத்ததைக் கடைசியிலும் வைப்பார்கள், சந்தேகமானவை நடுவில் போகும். அதன் விளைவு, முதல் இரண்டு கதை உசுப்பேற்றிவிட்டு நாலாவது ஐந்தாவதில் வாசகர் சோர்ந்துபோகிறார். நம்ம பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோயிலின் முக்கியமான சாமியின் கதையை எடுத்த எடுப்பில் பாடிவிட மாட்டார்கள். மற்றக் கதைகளைப் பாடிக்கொண்டு வந்து, நடுச்சாமத்தில் சாமியாடுகிற நேரத்துக்கு அது போய்ச் சேரும்படி புலவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். முன்னால் பாடுகிற ஒவ்வொன்றும் அதற்குத் தயார் செய்கிறது. தொகுப்பை இப்படி யோசித்து அடுக்குகிறவர் தமிழில் குறைவு. எழுதியவர் பெயரின் அகர வரிசையில் கதைகளை அடுக்கிய ஒரு தொகுப்பையும் பார்த்திருக்கிறேன். அதில் அடுத்தடுத்த மூன்று கதைகளும் இறந்துபோன மனைவியை இயந்திரமாகத் திரும்பச் செய்கிற கணவன் கதை. மூன்றும் தனித்தனியாகப் படித்தால் தேறும், சேர்த்து வைத்து மூன்றையும் கொன்றுவிட்டார்கள்.

சரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன். தொகுப்பாசிரியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது, ஆனால் வரிசையும் செம்மையாக்கமும் அவர்கள் பொறுப்பு, அங்கே குறை இருக்கிறது. எழுதுகிறவர்களுக்குச் சரக்கு இருக்கிறது, கொடுத்த சொல் அளவுக்குள் எந்த உலகம் அடங்கும் என்கிற பயிற்சிதான் போதவில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே இருப்பில் நாலைந்து கதை படிக்காதீர்கள். ஒவ்வொரு கதையும் ஒரு புது விதியைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது. மூன்றாவது கதைக்குள் மனது களைத்துவிடும், நாலாவது கதை நல்லதாக இருந்தாலும் உள்ளே போகாது. நாளைக்கு ஒன்று போதும்.

வாங்குவதற்கு முன்னால் கடையில் நின்றபடியே சிலவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே எப்போது வந்தது என்ற விவரம் இருக்கிறதா? இருந்தால் தொகுத்தவர் பல இடங்களில் தேடியிருக்கிறார் என்று அர்த்தம். கதைகளின் நீளம் வேறுபடுகிறதா? எல்லாமே எட்டு எட்டுப் பக்கம் என்றால் சொல் வரம்பு வேலை செய்திருக்கிறது, உலகம் அடங்காத கதைகளும் அதற்குள் திணிக்கப்பட்டிருக்கும். ஏழு பக்கக் கதைக்கு அடுத்து முப்பது பக்கக் கதை வந்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கும். முன்னுரையில் இந்தக் கதை ஏன் இங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது சொல்லியிருக்கிறாரா, இல்லை எல்லாரையும் வாழ்த்திவிட்டு முடித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நடுவில் இருக்கிற ஒரு கதையின் முதல் பக்கத்தைப் படியுங்கள், முதல் கதையைப் படிக்காதீர்கள்.

காசைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பலர் எழுதிய தொகுப்புகளை முடிந்தவரை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து போவது பெரிய தூரம் இல்லை, உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அதில் எந்தக் கதை உங்களை உலுக்கியதோ அதை எழுதியவரின் பெயரைக் குறித்து வைத்து, அவரே தேர்ந்தெடுத்த தனித் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள். அந்தப் பதினான்கு கதைப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கடைசிக் கதையை முதலில் படியுங்கள், பிறகு அதில் ஆக நீளமான கதையை. இரண்டும் ஒன்றும் தரவில்லை என்றால் மீதியைப் படிக்காமலே நண்பருக்குக் கொடுத்துவிடலாம். அவருக்கு எந்த மூன்று பிடித்தது என்று மட்டும் கேட்டு, அந்த மூன்றையும் வாங்கிப் படித்துப் பாருங்கள்.